காரணம் என்றொரு கட்டம்



'என் தந்தையும் அவர் தொழிலும்' என்று வாசகர் வட்டத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அழைப்பிதழ் அச்சாகும் முன் ஒரு தம்பி போன் செய்தார். "உங்கள் பெயருக்குக் கீழே ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை என்று போட்டுவிட்டோம் அம்மா. அப்பா பெயருக்குக் கீழே மின்னோடிச் சுருள் மறுசுற்றுநர் என்று போடலாமா?" என்றார். வேண்டாம் சாமி என்றேன். என் அப்பாவே அதைப் படித்திருந்தால் யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்டிருப்பார். அவினாசியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அவருக்கு ஒரே பெயர்தான். காயில்காரர். எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால்கூட தபால்காரர், "காயில்காரர் வூட்டுக்கு ஒண்ணு" என்றுதான் கூப்பிடுவார்.

காயில் கட்டுவது என்றால் என்ன? இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் தண்ணீரைக் குழாயில் மட்டும் பார்த்தவர்கள். அவர்களுக்காகக் கிணற்றிலிருந்து தொடங்குகிறேன்.

என் தாத்தா பண்ணையத்தில், எருது பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். எருதுகள் சரிவில் இறங்கினால் தண்ணீர் மொண்ட சால் மேலே வரும். எருதுகள் பின்னுக்கு ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். கோழி கூப்பிடப் பூட்டினால் வெயில் உச்சிக்கு வரும் வரை இதே நடை. முன்னுக்கு, பின்னுக்கு. முன்னுக்கு, பின்னுக்கு. தாத்தா அந்த வடத்தின் மேல் உட்கார்ந்தே தன் இளமையைக் கழித்துவிட்டார். காலையில் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஈரோட்டுக்கே போயிருக்கலாம் என்பார். ஆனால் போனதில்லை.

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்தக் கரன்ட் மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. முதலில் மில்லுக்கு வந்தது, வீதிக்கு வந்தது, மெல்ல மெல்லக் கிணற்று மேட்டுக்கும் வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உருவாக்கிய மோட்டாரைத்தான் இந்தியாவின் முதல் மோட்டார் என்று கோவையில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். எருதுகளை அவிழ்த்துவிட்டுச் சுவிட்சைத் தட்டியவுடன் தண்ணீர் விழுந்ததைப் பார்த்த தலைமுறை அது. என் தாத்தா அந்த முதல் நாள் பகல் முழுக்க மோட்டார் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். பயமா, மகிழ்ச்சியா என்று அப்பாவால் சொல்ல முடியவில்லை.

மோட்டார் வந்தது. சரி. மோட்டார் வந்தால் கூடவே என்ன வரும்? எரிந்த மோட்டாரும் வரும்!

மோட்டாரின் வயிற்றுக்குள் ஸ்டேட்டர் என்று ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. அதன் உள்பக்கம் சுற்றிலும் காடிகள். அந்தக் காடிகளில் செம்புக் கம்பியைக் கட்டுக் கட்டாகச் சுற்றி இறக்கியிருப்பார்கள். அதுதான் காயில். கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். சூடு எல்லை தாண்டினால் பூச்சு கருகிவிடும். கருகினால் கம்பியோடு கம்பி ஒட்டும். அப்புறம் புகை, நாற்றம், நிசப்தம். பயிர் நிற்கும், தண்ணீர் நின்றுவிடும். அந்த மோட்டாரைக் கழற்றி வண்டியிலே ஏற்றி எங்கள் கடை வாசலில் இறக்குவார்கள்.

அப்பா 1936-ல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினான்கு வயதில் கோவைக்குப் போய் பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தார். முதல் இரண்டு வருடம் கம்பியைச் சுற்ற விடவில்லை. எரிந்த காயிலை வெட்டி எடுப்பது மட்டும்தான் வேலை. உளியால் ஒரு பக்கத் தலையை வெட்ட வேண்டும், மறுபக்கம் கொறடு போட்டு இழுக்க வேண்டும். உள்ளங்கை கிழியும். நகக்கண்ணில் கரி ஏறும். இரண்டு வருடம் கரி பார்த்த பையன் அந்தக் கரியைப் படிக்கக் கற்றுக்கொண்டான் என்பதுதான் இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த கதை.

கரியைப் படிக்க முடியுமா? முடியும்.

நண்பர்களே, மூன்று கம்பியில் வரும் மூணு பேஸ் கரன்ட்டில் ஓடும் மோட்டார் மூன்று வகைக்கு மேலும் எரியும். வளையம் முழுவதும் ஒரே மாதிரி கருத்திருந்தால் வோல்டேஜ் குறைவு, அல்லது தாங்காத சுமை. ஏதாவது ஓரிடத்தில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் கருகியிருந்தால் அந்தக் காயிலில் சுற்றுக்குள் சுற்று ஒட்டியிருக்கிறது. இரும்பின் மேல் பளபளவென்று கீறல் இருந்தால் பால்ரஸ் என்கிற பேரிங் தேய்ந்து, நடுவில் சுழலும் ரோட்டர் உரசியிருக்கிறது. இன்னொன்று இருக்கிறது, அது காயில்களை இணைத்திருக்கும் முறையைப் பொறுத்தது. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் மூன்றில் இரண்டு பங்கு காயில் கன்னங்கரேல் என்றும், மீதி ஒரு பங்கு புதுசு போலச் செம்பு நிறத்திலும் இருக்கும். வரிசையாக, கோலம் போட்டது போல: கருப்பு, கருப்பு, செம்பு, கருப்பு, கருப்பு, செம்பு. டெல்டா கனெக்‌ஷன் என்றால் தலைகீழ், ஒரு பங்கு கருப்பு, இரண்டு பங்கு செம்பு. இதைப் பார்த்தாலே அப்பா கேட்பார்: "ஏனுங், ஒரு பேஸ் இல்லாம எத்தன நேரமுங் ஓடுச்சு?"

கொண்டுவந்தவர் திகைத்துப் போவார். தோட்டத்துக்கு வராத மனிதர், ராத்திரி மூன்று பேஸில் ஒன்று போனதைக் கடையில் உட்கார்ந்தபடி எப்படிச் சொல்கிறார்?

பிற்காலத்தில் நான் கல்லூரியில் மின்னியல் படித்தபோது, மூன்று கட்ட மின்சாரத்தில் ஒரு கட்டம், அதாவது ஒரு பேஸ், அறுந்தால் மீதிச் சுற்றுகளில் என்ன மின்னோட்டம் பாயும் என்று ஒரு கணக்கு வந்தது. வகுப்பே தலையைச் சொறிந்தது. என் கண்ணுக்கு முன்னால் கருப்பு, கருப்பு, செம்பு தெரிந்தது.

இதோ, என் கையில் இருப்பது அப்பாவின் நோட்டு. நீள நோட்டு, கணக்கப்பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அதே ஜாதி. 1960-ல் அவினாசியில் கடை போட்ட நாளிலிருந்து எழுதியவை மொத்தம் பதினொன்று இருந்தன. கரையான் தின்றது போக என்னிடம் ஏழு இருக்கின்றன. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வரி. ஆள் பெயர், ஊர், எத்தனை ஹெச்பி, எத்தனை காடி, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, எத்தனை கேஜ் கம்பி, ஒண்ணுக்கு எட்டா ஒண்ணுக்கு ஒன்பதா என்கிற பிட்ச். இதெல்லாம் எந்தக் காயில் கடையிலும் எழுதுவார்கள். எழுதாவிட்டால் மறுபடி கட்ட முடியாது. அப்பா கடைசியில் ஒரு கோடு போட்டு இன்னொரு கட்டமும் வைத்திருந்தார். அதன் தலையில் எழுதியிருக்கிறது: காரணம்.

'மழை. மேல் ஓடு ஒழுகல்.' 'பால்ரஸ்.' 'எலி.' 'பீஸ் கட்டையில் கொடிக்கம்பி.' 'மருமகன்.' இந்த மருமகன் என்ன செய்தார் என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை!

ஏன் எரிந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அவர் கம்பியைத் தொடமாட்டார். "ஏன் எரிஞ்சுதுன்னு தெரியாமக் கட்டுனா, திரும்ப எரியறதுக்குத்தான் அம்மிணி கட்டறோம்" என்பார். இதில் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். யோசித்துப் பாருங்கள். திரும்ப எரிந்தால் யாருக்கு வருமானம்? காயில்காரருக்குத்தானே! சித்திரை, வைகாசியில் கடை வாசலில் மோட்டார்கள் வரிசை கட்டும். அந்த இரண்டு மாதத்தில் சம்பாதித்தால்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம், துணிமணி. என் அம்மா மறைக்காமல் சொல்வாள்: "ஊருல மோட்டார் எரிஞ்சாத்தான் நம்மூட்டுல அடுப்பு எரியும். இந்த மனுசன் அதையும் எரியவுடாமப் பண்ணீட்டுத் திரியறாரு."

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் அவள்.

ஒரு வைகாசி. அன்னூர்ப் பக்கம் வாழை போட்டிருந்த ஒருவருடைய 5 ஹெச்பி மோட்டார் மூன்று மாதத்தில் மூன்றாம் முறையாக வந்தது. மூன்றாம் முறையும் அதே கருப்பு, கருப்பு, செம்பு. தார் தள்ளுகிற நேரம். மனிதர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "காயில்காரரே, ஒண்ணு நீங்க செம்புல அலுமினியத்தக் கலக்கறீங்க, இல்லீன்னா எனக்குச் சனி புடிச்சிருக்குது. எதுன்னு சொல்லீருங்க" என்றார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் தன் மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மோட்டார் அறையில் பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூன்றிலும் பீஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் துணி காயப்போடும் கம்பி தடிமனுக்குச் செம்பு முறுக்கியிருந்தது. அதை வைத்தால் எந்தக் காலத்திலும் பீஸ் போகாது, மோட்டார்தான் போகும். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. மெயின் சுவிட்சைத் திறந்து, நடுவில் இருந்த பித்தளை நாக்கை விரலால் தடவினார். தடவிய விரலை என்னிடம் நீட்டினார். கரி. நாக்கு தளர்ந்து, சூடேறி, தொட்டும் தொடாமலும் நின்றிருக்கிறது. அரை அங்குல நாக்கு. ஒரு வேளை கரன்ட் விடும், ஒரு வேளை விடாது. அந்த நாக்கு மூன்று காயிலைத் தின்றிருக்கிறது.

உப்புத்தாளில் தேய்த்து, திருகை முடுக்கினார். பீஸ் கம்பியைத் தன் பையிலிருந்து எடுத்துக் கட்டினார். மறுநாள் காயிலைக் கட்டிக் கொடுத்தார். நோட்டில் அந்த வரி இருக்கிறது. காரணம்: 'நாக்கு.' அந்த மோட்டார் அதற்குப் பிறகு பதினாறு வருடம் கடைப்பக்கம் வரவில்லை. அம்மாவின் கணக்கில் அது எத்தனை நஷ்டம் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அலுமினியம் கலக்கிறீர்களா என்று கேட்டாரே, அந்தச் சொல் அப்பாவுக்கு வலித்திருக்கிறது. அதற்குப் பிறகு எரிந்த செம்பை ஒவ்வொருவர் கண்ணெதிரிலும் தராசில் வைத்து, எடையைச் சொல்லி, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் கூலியில் கழித்துக்கொள்கிறேன் என்பார். பழைய செம்பு கடைக்காரருக்கு என்பதுதான் ஊர் வழக்கம். மற்ற கடைக்காரர்கள் அப்பாவோடு சில காலம் பேசவில்லை.

பிள்ளைகளே, இப்போது உங்களுக்காக ஒரு கணக்கு. அப்பாவிடம் ஒருநாள் 19 கேஜ் கம்பி தீர்ந்துவிட்டது. 22 கேஜ் மட்டும் இருந்தது. 22 கேஜ் மெலிசு. என்ன செய்தார் தெரியுமா? 22 கேஜில் இரண்டு கம்பியைச் சேர்த்து ஒன்றாகச் சுற்றினார். அது எப்படிச் சரியாகும் என்று நான் பத்தாம் வகுப்பு மிதப்பில் கேட்டேன். "சரியா இருக்கும், போ" என்றார். கணக்குப் போட்டேன். 19 கேஜ் விட்டம் 1.016 மில்லிமீட்டர். 22 கேஜ் 0.711. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போகும். இரண்டு 22-ஐச் சேர்த்தால் ஒரு 19-க்கு நூற்றில் இரண்டு பங்குதான் குறைவு! ஐந்தாம் வகுப்பு மனிதருக்கு இது எப்படித் தெரிந்தது? பீளமேட்டில் ஒரு கிழவர் சொன்னாராம். அந்தக் கிழவருக்கு யார் சொன்னது? அப்படியே போய்க்கொண்டிருக்கும்.

இன்னொரு நாள், ராத்திரியில் மோட்டார் ஏன் திணறுகிறது என்று கேட்டேன். 400 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300 வருகிறது என்றார். கால் பங்குதானே குறைவு, முக்கால் வேலை செய்யட்டுமே என்றேன். சிரித்தார். "முக்காச் சோறு போட்டா முக்கா வேலை செய்யாது அம்மிணி. அர வேலதான் செய்யும்." மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். முக்காலின் வர்க்கம் பதினாறில் ஒன்பது. அரைக்குக் கொஞ்சம் மேல். முப்பது வருடம் இந்தப் பாடத்தை நான் சோற்றை வைத்துத்தான் நடத்தினேன்.

பத்து வயதில் எனக்குக் கடையில் வேலை கொடுத்தார். சுற்றும் கைமெஷினின் கைப்பிடியை அவர் திருப்புவார், நான் வாய்விட்டு எண்ண வேண்டும். நாற்பத்தி ஒண்ணு, நாற்பத்தி ரெண்டு... ஒருநாள் வாசலில் ஐஸ்காரன் மணியடித்தான். என் எண்ணம் மணியோடு போய்விட்டது. திரும்பி வந்து குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எல்லாக் காயிலும் சுற்றி முடித்தபின் தராசை எடுத்தார். ஒவ்வொரு காயிலாக ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் முதல் காயிலை வைத்தார். ஆறாவது காயில் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். "எத்தன சுத்து ஐஸ்காரனுக்குக் குடுத்தே?" என்றார். அதைப் பிரித்து மறுபடி சுற்றினோம். ஐஸ் வாங்கித் தரவில்லை.

கரன்ட் என்பது இந்த மண்ணில் வெறும் வசதியாக வந்துவிடவில்லை. 1970 ஜூனில், யூனிட்டுக்கு ஏறிய பைசாவைக் குறைக்கக் கேட்டு நடந்த போராட்டத்தில், இங்கே பக்கத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்தையே மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். அன்று அப்பா கடையைச் சாத்திவிட்டார். மோட்டார் உள்ளவர்களுக்காக, மோட்டார் இல்லாத மனிதர் சாத்திய கடை. 1990-ல் விவசாயத்துக்கு எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது வேண்டும், அந்த மூன்று உயிருக்கும் அது சேரவேண்டியதுதான் என்று அப்பா சொல்வார்.

ஆனால் அதற்கு அடுத்த பத்தாண்டு நோட்டுகளில் காரணக் கட்டம் முழுக்க ஒரே சொல். 'ஆட்டோ.' ஓடுகிற ஆட்டோ இல்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர். கரன்ட் வந்தால் தானே மோட்டாரை ஓட்டிவிடும் பெட்டி. தூக்கம் கெட்டு ராத்திரியில் கிணற்று மேட்டுக்கு ஓட வேண்டியதில்லை. பாம்புக் கடியிலிருந்து பல பேரைக் காப்பாற்றிய பெட்டி அது, குறை சொல்ல மாட்டேன். என்ன ஆயிற்று? எல்லாத் தோட்டத்திலும் பெட்டி. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்த நொடியே ஊரிலுள்ள அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் லைனில் வோல்டேஜ் விழும். விழுந்தால் ஒன்றும் கிளம்பாது. கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்று எரியும். அப்பா ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்: "நீங்க ரெண்டு நிமிசம் கழிச்சு, அவரு நாலு நிமிசம் கழிச்சுன்னு டைமர் வெச்சுக்கங்க." வைத்தவர்கள் சிலர். தன் மோட்டார் முந்த வேண்டும் என்று நினைத்தவர்கள் பலர்.

பிறகு தண்ணீர் கீழே போனது. கிணறு வற்றி, போர் ஆயிரம் அடியைத் தாண்டியது. குழாய்க்குள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டார் வந்தது. அதில் கம்பியே வேறு. தண்ணீருக்குள் நிற்கும் கம்பி. மேலே பிளாஸ்டிக் உறை. கட்டுக்கட்டாகச் சுற்றி இறக்க முடியாது. மூன்றடி நீளக் குழலின் துளையில் ஒவ்வொரு சுற்றாக நூல் கோப்பதுபோல் இழுக்க வேண்டும். உறையில் நகம் பட்டால் போச்சு. அறுபது வயதுக்குப் பக்கத்தில் தன் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு அப்பா அதைப் புதிதாகக் கற்றார். தன்னிடம் படித்த பையனிடமே கற்றார். "சொல்லுங்க தம்பி" என்று அவனுக்கு மரியாதை கொடுத்து, ஸ்டூலில் அவனை உட்காரவைத்து, இவர் தரையில் உட்கார்ந்து கற்றார்.

என் அப்பா தவறே செய்யாதவரா? இந்த ஏழு நோட்டில் மூன்று இடத்தில் காரணக் கட்டத்தில் 'நான்' என்று எழுதியிருக்கிறது. ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. 1983 கோடை. காயில் கட்டியபின் வார்னிஷ் ஊற்றி, உள்ளே 200 வாட் பல்பைத் தொங்கவிட்டு, சாக்கால் மூடி ஒரு ராத்திரி உலர விடவேண்டும். ஒரு பாட்டி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "சாமி, கத்திரி நாத்து தலை தொங்கிப் போச்சு, அப்படியே குடுத்துரு" என்று அழுதாள். மனம் கேட்காமல் உலராத மோட்டாரைக் கொடுத்து அனுப்பினார். நாலாம் நாள் எரிந்து வந்தது. கம்பிக் காசைத் தானே போட்டுத் திரும்பக் கட்டினார். பாட்டி அவரைத் திட்டவே இல்லை, கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நோட்டில் அவர் கையெழுத்து: 'நான். ஈரம்.'

2011-ல் அப்பா இறந்தார். கடைசி நோட்டின் கடைசி வரி, ஒரு 3 ஹெச்பி மோட்டார். சுற்று எழுதியிருக்கிறது, கேஜ் எழுதியிருக்கிறது. காயிலும் கட்டி முடித்துவிட்டார். காரணக் கட்டம் மட்டும் காலி. தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடம்பு விடவில்லை. மோட்டார்க்காரரைத் தேடி நான் போனேன். தோட்டம் மனைக்கட்டுகளாகிவிட்டது. கல் நட்டிருந்தார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள். அந்த ஸ்டேட்டர் என் வீட்டில் இருக்கிறது. தப்பு, இன்று வீட்டில் இல்லை. இதோ, இந்த மேசைக்குக் கீழே சாக்குப்பையில் இருக்கிறது.

காயில் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று அப்பா சோதிக்கும் முறை ஒன்று உண்டு. ரோட்டரை மாட்டாமல், வெறும் ஸ்டேட்டருக்குள் பழைய பால்ரஸிலிருந்து உதிர்த்த ஓர் இரும்புக் குண்டைப் போடுவார். வேரியாக் வைத்து வோல்டேஜை நன்றாகக் குறைத்துக் கரன்ட் கொடுப்பார். யாரும் தொடாமல் அந்தக் குண்டு உள்சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும். காயில் ஒழுங்காக இருந்தால் தடங்கல் இல்லாமல் ஓடும். எங்காவது கனெக்‌ஷன் தவறியிருந்தால் தடுமாறி நிற்கும். சின்ன வயதில் எனக்கு அதைவிடப் பெரிய வித்தை எதுவும் இருந்ததில்லை.

மண்டபத்துக்காரரிடம் கேட்டுவிட்டேன், மூணு பேஸ் இருக்கிறது. வேரியாக்கையும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் முன் வரிசைப் பிள்ளைகள் மேடைக்கு வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள். கையை நீட்டாமல் எட்டிப் பார்க்க வேண்டும். குண்டு எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று முதலில் சொல்லுங்கள். பிறகு கரன்ட்டை நிறுத்திவிட்டு, மூன்று ஒயரில் இரண்டை நான் இடம் மாற்றிப் போடுவேன். அப்போது என்ன ஆகும் என்று நான் சொல்லமாட்டேன். ஏன் ஆகிறது என்று யோசித்து, நாளைக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். என் வீடு எல்லாருக்கும் தெரியும். காயில்காரர் வீடு என்று கேளுங்கள்.